நாகசாகியில ஆர் இருக்கினம்?

வெளிநாட்டில் இருக்கிற நம்முடைய சனத்திடம் ஓர் ஊருக்குப் போகப்போவதாகச் சொல்லிப் பாருங்கள். அங்கே என்ன பார்க்கப்போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். "அங்க ஆர் இருக்கினம்?" என்பதுதான் முதல் கேள்வி. லண்டன் என்றால் மச்சாள் இருப்பாள். பாரிஸ் என்றால் சித்தப்பாவின் மகன். ரொறன்ரோ என்றால் ஒரு தெரு முழுக்கச் சொந்தம். யார் வீட்டில் இறங்குவது என்பதில் சண்டை வரும், இறங்காமல் விட்ட வீட்டுக்காரர் வருடக்கணக்கில் முகத்தைத் தூக்கிவைத்திருப்பார்கள். ஆனால் எங்கே தங்குவது என்ற யோசனை மட்டும் வரவே வராது. காசு கொடுத்து ஹோட்டலில் தங்கிவிட்டு வந்தவனை, ஊரே சேர்க்காத ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள்.

டென்மார்க்கில் எஸ்பியர்க் நகரத்து யோகமலரும் அறுபது வயதுவரைக்கும் அப்படித்தான் பயணம் போனாள். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு வெளிநாட்டுப் பயணம், போன இடமெல்லாம் சொந்தக்காரர் வீடு. ஆகவே அவள் கண்ட உலகம் பெரும்பாலும் குசினிகளால் ஆனது. பாரிஸில் அந்தப் பெரிய கோபுரத்தைக் காரின் பின்சீட்டில் இருந்து பார்த்தாள், மடியில் எல்லாருக்குமான புட்டுப் பெட்டி. ரொறன்ரோவில் நயாகராவைவிட மைத்துனி வீட்டுக் குழாய்தான் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பவேண்டும். "நீங்கள் இருங்கோ மச்சாள், நான் கழுவுறன்" என்று வீட்டுக்காரி சொல்வாள்தான். அதை நம்பி இருந்துவிட்டால் பிறகு பத்து வருடத்துக்கு அந்தக் கதைதான் ஊரெல்லாம் ஓடும்.

யோசித்துப் பார்த்தால், தான் எங்கே இருப்பது என்பதை அவள் வாழ்நாளில் ஒருதரமும் தீர்மானித்ததில்லை. கல்யாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்தது அண்ணன் எடுத்த முடிவு. எஸ்பியர்க்குக்கு வந்தது அரசாங்கம் எடுத்த முடிவு. அகதிகளை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிய அந்தக் காலத்தில் அவளுக்கும் கணவன் மகேந்திரராசாவுக்கும் விழுந்த பங்கு அந்தத் துறைமுகப் பட்டினம். காற்றும் மீன்வாடையும் சேர்ந்த ஊர். அவளுக்கு அதில் பெரிய குறை ஒன்றும் இருக்கவில்லை, கப்பலைத் தவிர.

அந்த நாளில் எஸ்பியர்க்கில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஓடியது. காரை அப்படியே உள்ளே ஏற்றிக்கொண்டு போகலாம். லண்டனில் கல்யாணம், பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடு, நகைக்கடை, புடவைக்கடை என்று டென்மார்க் முழுவதிலும் இருந்த தமிழ்ச் சனம் காரில் பிள்ளைகளையும் பெட்டிகளையும் அடுக்கிக்கொண்டு எஸ்பியர்க்குக்கு வரும். கப்பல் பின்னேரம்தான். ஆனால் நம்முடைய ஆட்கள் பின்னேரக் கப்பலைப் பிடிப்பதற்கு முதல்நாளே வந்துவிடுவார்கள். கடலில் காற்று அடித்து, கப்பல் பிந்தினால் இன்னொரு நாள். திரும்பி வந்து இறங்கினால் ஒரு மத்தியானச் சாப்பாடு. இவ்வளவுக்கும் அந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான்.

மகேந்திரராசாவுக்கு விருந்தாளி வந்தால் பத்து வயது குறைந்துவிடும். மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரச் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வந்த மனிதனுக்கு, வீட்டில் நாலு பேர் இருந்து தமிழில் கதைத்தால் போதும். "எங்கட வீடு இருக்க நீங்கள் ஏன் யோசிக்கிறியள்?" என்று சொல்லிச் சொல்லியே தங்கள் கட்டிலைக் கொடுத்துவிடுவார். யோகமலர் சோபாவில் படுப்பாள், காலையில் பிடரி பிடித்துக்கொண்டு வேலைக்குப் போவாள். வாசலில் கார் வந்து நிற்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், "வாங்கோ, வாங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று கதவைத் திறப்பாள். அந்த வசனத்துக்கென்று அவளிடம் தனிக்குரல் ஒன்று இருந்தது. சாதாரணக் குரலைவிடக் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வெளிச்சம். மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்று சொன்ன புண்ணியவானுக்கு எஸ்பியர்க் கப்பலைப் பற்றித் தெரியாது.

பிறகொரு வருடம் அந்தக் கப்பல் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஊரே கவலைப்பட்டது. மகேந்திரராசா துறைமுகம்வரை போய்க் கடைசிக் கப்பலைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வந்தார். யோகமலர் வீட்டில் தனியாக இருந்து ஒரு தோடம்பழத்தை உரித்து, சுளை சுளையாக, ஒருவருக்கும் கொடுக்காமல் சாப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோசத்தை வெளியே சொன்னால் நாலு பேர் காறித் துப்புவார்கள். ஆகையால் சொல்லவில்லை.

அவளுக்கு அறுபது வயது வந்தது. டென்மார்க்கில் முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது என்று வருகிற பிறந்தநாட்களை லேசில் விடமாட்டார்கள். வேலையிடத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு பயணப் பரிசு கொடுத்தார்கள். ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் மகள் சாரங்கி மிச்சத்தைத் தான் போடுவதாகச் சொன்னாள். ஒரேயொரு நிபந்தனை. அதைப் பிழையாக விளங்கிக்கொள்ள இடம் வைக்காமல் டேனிஷில் சொன்னாள்: சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊராக இருக்கவேண்டும்.

யோகமலர் யோசிக்கவே இல்லை. முதியோர் இல்லத்துக் குசினிச் சுவரில் ஏதோ ஒரு கப்பல் கம்பனியின் கலண்டர் தொங்கியது. அதில் ஒரு மாதத்துக்கு நாகசாகித் துறைமுகத்தின் படம். மாதம் முடிந்தும் அவள் தாளைத் திருப்பவில்லை, மற்றவர்களும் பேசாமல் விட்டுவிட்டார்கள். கடலைச் சுற்றி மூன்று பக்கமும் மலை, மலை முழுக்க வீடு, கீழே கப்பல்கள். அவள் பிறந்த யாழ்ப்பாணமும் தட்டை, வாழவந்த எஸ்பியர்க்கும் தட்டை. உயரத்தில் ஒரு வீட்டில் இருந்து கீழே துறைமுகத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"நாகசாகியோ? குண்டு போட்ட ஊரெல்லே?" என்றார் மகேந்திரராசா.

"ஓம். சனம் திரும்பக் கட்டி, திரும்ப இருக்குதுகள். எங்களுக்கு விளங்காத விசயமே?"

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை" என்றாள் யோகமலர். அந்த வார்த்தையைச் சொல்லும்போது வாயில் கற்கண்டு கிடந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமைகளில் சாரங்கி வருவாள், தாயும் மகளும் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு தங்குமிடம் தேடுவார்கள். சாரங்கிக்குப் பிடித்தது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். லிப்ட் இருக்கிறது, வாசலில் ட்ராம் நிற்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் நல்லது. ஆனால் யன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஹோட்டலின் யன்னல். இரண்டாவது, கரையோரமாக, தெசிமா என்ற பழைய இடத்துக்கு அருகே. அந்த நாளில் வியாபாரத்துக்கு வந்த ஒல்லாந்தரை அந்தச் சின்னத் தீவுக்குள்தான் வைத்திருந்தார்களாம், அனுமதியில்லாமல் நகரத்துக்குள் கால்வைக்கக் கூடாதாம். யாழ்ப்பாணத்துக் கோட்டையில் இருந்துகொண்டு ஊரையே ஆண்ட அதே ஒல்லாந்தர்.

"எங்களை முதல்ல கொண்டுபோய் வைச்சிருந்த முகாம் மாதிரி" என்றாள் யோகமலர். கதை அவளுக்குப் பிடித்தது, அறை பிடிக்கவில்லை.

மூன்றாவது, மேட்டில். வயதான தம்பதி நடத்தும் சிறிய விடுதி. ட்ராமில் இருந்து இறங்கிக் கல்லுப்படிகளால் ஏறவேண்டும். பாய் விரித்த அறை, துறைமுகத்தைப் பார்த்த யன்னல். தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதியிருந்ததில் பாதி அந்தப் படிகளைத் திட்டித்தான். சாரங்கி ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து வாசித்துக்கொண்டு வந்தாள். ஒரு பெண் எழுதியிருந்தாளாம்: காலைச் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவருகிறார்கள், சாப்பிட்டு முடிந்ததும் கோப்பைகளை எடுக்கவேண்டாம், அடுக்கவும் வேண்டாம், அப்படியே விடச் சொல்கிறார்கள்.

"அதைத் திரும்ப வாசி" என்றாள் யோகமலர்.

சாரங்கி திரும்ப வாசித்தாள். யோகமலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை எடு" என்றாள்.

"அம்மா, உங்கட முழங்கால்?"

"முழங்கால் என்ர. நான் ஏறுவன்."

கேட்டவர்களுக்கெல்லாம் யன்னலுக்காகத்தான் அந்த இடம் என்று சொன்னாள். யன்னலும் உண்மைதான். அடுத்த நாளில் இருந்து முதியோர் இல்லத்தில் லிப்டை விட்டுவிட்டுப் படிகளில் ஏறத் தொடங்கினாள். முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது மகேந்திரராசா. வேலையில் இருந்து ஓய்வு எடுத்தபிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு பிராண்டே ஊரில் இருக்கும் தமிழ்க் கோயிலுக்குப் போவார். அங்கே பூசை முடிந்து பிரசாதம் வாங்கும்போது ஞானேஸ்வரியைக் கண்டார். கப்பல் காலத்தில் குடும்பத்தோடு அடிக்கடி வந்து நின்றவள். பயணக் கதையைச் சொன்னார். ஞானேஸ்வரி கையில் இருந்த தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, என்ர மகன் ஜெசிந்தன் நாகசாகியிலதானே இருக்கிறான்!" என்றாள். காற்றாலை வேலைக்காகக் கம்பனி அவனையும் மனைவியையும் அங்கே அனுப்பியிருக்கிறதாம்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தமாதிரி இருந்தது மகேந்திரராசாவுக்கு. அந்த இடத்திலேயே கைபேசியில் ஜெசிந்தனுடன் கதைத்தார். "எங்கட வீட்டில சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, நீ இருக்க நாங்கள் வேற இடத்துக்குப் போறதோ?" என்றார். ஜெசிந்தனும் "வாங்கோ அங்கிள்" என்றான். வேறு என்ன சொல்வான்?

வீட்டுக்கு வந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இஞ்சேரும், கடவுளாப் பார்த்து ஒரு வீட்டைத் தந்திருக்கிறார். அந்த மேட்டு வீட்டை வேண்டாமெண்டு சொல்லும். உம்மட முழங்காலுக்கும் நல்லது."

யோகமலர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்தவில்லை. பழைய கப்பலின் ஊதல் கேட்கும்போதும் அவள் இப்படித்தான் நிமிராமல் வெட்டிக்கொண்டிருப்பாள். "பாப்பம்" என்றாள். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். அவள் பாப்பம் என்றதை முப்பது வருடமாக அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்தார், குற்றம் அவரில் மட்டுமில்லை.

அடுத்த நாளே பெட்டி கனக்கத் தொடங்கியது. வெறுங்கையோடு போகமுடியாதே. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், வறுத்த மா, ஒடியல் மா, ஞானேஸ்வரி மகனுக்குக் கொடுத்துவிட்ட பருத்தித்துறை வடை. யோகமலர் எல்லாவற்றையும் அடுக்கினாள். மேட்டு விடுதியை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை. சாரங்கி போனில், இந்த வயதிலும் வாயைத் திறக்காவிட்டால் எப்போது திறப்பீர்கள் என்று டேனிஷில் கத்தினாள். அந்த மொழியில் கத்துவது சுலபம் என்று யோகமலர் நினைத்தாள்.

ஒரு ஞாயிறு காலையில் ஜெசிந்தனின் மனைவி சுஜீதா வீடியோவில் அழைத்தாள். அங்கே பின்னேரம். மகேந்திரராசா கடைக்குப் போயிருந்தார். சுஜீதாவுக்கு முப்பது வயது இருக்கும், தலையை அள்ளிக் கட்டியிருந்தாள், தோளில் ஒரு கைக்குழந்தை. பின்னால் தெரிந்த அறையில் உடுப்புக் காயப்போட்டிருந்தது.

"வாங்கோ அன்ரி, எங்களுக்குச் சந்தோசம்" என்றாள். "இஞ்ச ரெண்டே ரெண்டு அறைதான். நீங்கள் எங்கட கட்டிலில படுங்கோ. நாங்கள் பிள்ளையோட ஹோலில படுப்பம். ஒரு பிரச்சினையும் இல்லை."

அது யோகமலருடைய குரல். சாதாரணத்தைவிடக் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வெளிச்சம், முடிவில் ஒரு சிறிய மூச்சு. அந்த மூச்சு ஒருவருக்கும் கேட்காது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். பூமியின் மறுபக்கத்தில் இருந்து வந்தும் அது துல்லியமாகக் கேட்டது.

"பிள்ளை இரவில நித்திரை கொள்ளுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை அன்ரி" என்றாள் சுஜீதா. இது சொந்தக் குரல்.

"சுஜீதா, நாங்கள் உங்கட வீட்டில நிக்கேல்லை. நான் வேற இடம் எடுத்திருக்கிறன். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். ஒருநாள் எல்லாரும் சேர்ந்து கடையில சாப்பிடுவம்."

சுஜீதா "ஐயோ, ஏன் அன்ரி" என்று தொடங்கினாள். பாதியில் அந்த உயரம் விழுந்துவிட்டது. குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். பிறகு எங்கே எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். மேட்டு விடுதியின் பெயரைச் சொன்னதும், "அங்க இருந்து பார்த்தா நல்ல வடிவு. படிதான் கொஞ்சம் கூட" என்றாள்.

"நான் பழகியிட்டன்."

மகேந்திரராசா வந்ததும் மறைக்காமல் சொன்னாள். அவர் சாதாரணமாக மனைவியை நீர் என்றுதான் சொல்வார். அன்றைக்கு நீ ஆகிவிட்டாள்.

"என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? கோயிலில எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டு வந்தனான். இவ்வளவு காலமும் எங்கட வீட்டுக்கு வந்த சனத்துக்கு ஒருநாளாவது இல்லையெண்டு சொன்னதுண்டோ?"

"நீங்கள் சொல்லேல்லை" என்றாள் யோகமலர். "நான் சொல்லியிருப்பன். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"நீ சிரிச்சுக்கொண்டுதானே நிண்டனி?"

"வேற என்ன செய்யிறது? காரால பிள்ளைகள் இறங்குதுகள்."

அவர் கடைப் பையை மேசையில் வைத்தார். "அப்ப நீ உன்ர மேட்டில போய் இரு. நான் ஜெசிந்தன் வீட்டில நிக்கிறன்."

"அங்க நீங்களும் போகேலாது. அந்தப் பிள்ளைக்கு ஏலாது. வேணுமெண்டா ஸ்டேசனடியில லிப்ட் உள்ள ஹோட்டல் ஒண்டு இருக்கு."

அதன் பிறகு வீட்டில் கதை இல்லை. உப்புக் காணாது என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. யோகமலருக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபக்கார மனிதனாக இருந்தால் பழகியிருக்கும், நல்ல மனிதனோடு சண்டைபிடிக்க அவளுக்குப் பழக்கமில்லை. ஒருதரம் விடுதியை வேண்டாமென்று சொல்லிவிடுவோமா என்று மடிக்கணினியைத் திறந்தும் விட்டாள். அந்தக் கோப்பை வசனம் கண்ணில் பட்டது. மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனாள், படியால்தான் ஏறினாள்.

கடைசியில் ஞானேஸ்வரியே மகேந்திரராசாவுக்குப் போன் எடுத்தாள். தொழிற்சாலைச் சத்தம் அவர் காதைக் கெடுத்திருந்ததால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் கதைப்பார். யோகமலர் பக்கத்தில், கண்ணைக் கரிக்காத வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

"அண்ணை, மருமகள் எல்லாம் சொன்னவள்" என்றாள் ஞானேஸ்வரி. "நான் சண்டைக்கு எடுக்கேல்லை. ஒண்டு கேக்கவேணும். அந்தக் கப்பல் காலத்தில நாங்கள் வந்து வந்து நிண்டது அக்காவுக்குக் கரைச்சலாய் இருந்ததோ?"

"சீச்சீ, அதில என்ன" என்று மகேந்திரராசா தொடங்கினார். அது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற வசனம். முடிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். பிறகு போனை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளி, "அவவையே கேளும்" என்றார்.

யோகமலர் கத்தியை வைத்தாள்.

"ஓம் ஞானேஸ்வரி. கரைச்சலாய்த்தான் இருந்தது."

போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தாள்.

"தெரியும் அக்கா" என்றது குரல். "முதல்தரம் வந்தபோதே தெரியும். நீங்கள் தந்த தலையணையில உங்கட எண்ணெய் மணம் இருந்தது. எங்களுக்குக் கட்டிலைத் தந்துபோட்டு நீங்கள் எங்க படுக்கிறியள் எண்டு தெரியாமல் இருக்க நான் என்ன சின்னப்பிள்ளையே? தெரிஞ்சுகொண்டுதான் ஒவ்வொரு முறையும் வந்தனாங்கள்."

"பிறகேன் வந்தனீர்?"

"நீங்கள் சிரிச்சுக்கொண்டு கதவைத் திறந்தனீங்கள். அது எங்களுக்கு வசதியாய் இருந்தது. இப்ப என்ர மருமகளும் அப்பிடித்தான் சிரிக்கிறாள். அதையும் கண்டும் காணாத மாதிரித்தான் அண்ணைக்கு மகன்ர வீட்டைச் சொன்னனான்."

யோகமலருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வருடமும் தான் ஒளித்துவைத்திருந்ததாக நினைத்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். அழுகையும் வந்தது, அதற்கு லீக்ஸைக் காரணம் சொல்ல முடியாது. போனை நிறுத்தியபிறகு மகேந்திரராசா அவள் அரிந்துவிட்ட லீக்ஸைக் கையால் கூட்டி ஒருபக்கமாக ஒதுக்கினார்.

"எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "நான் கேட்டிருக்கவேணும்" என்றார். பிறகு, "அந்தப் படி எவ்வளவு உயரம்?" என்றார்.

சித்திரை மாதத்தில் போனார்கள். படி உயரம்தான், மகேந்திரராசா இரண்டு இடத்தில் குந்தியிருந்து இளைப்பாறி ஏறினார், யோகமலர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூளும் வடையும் ஜெசிந்தன் கையில் சாப்பாட்டுக் கடையொன்றில் வைத்துக் கொடுக்கப்பட்டன. சுஜீதா குழந்தையை யோகமலரின் மடியில் போட்டுவிட்டு, ஆறாத சோற்றை ஆறுதலாகச் சாப்பிட்டாள்.

விடுதியில் முதலாவது காலையில், அதை நடத்தும் வயதான அம்மா உணவைக் கொண்டுவந்து பாயில் வைத்துவிட்டுக் குனிந்து வணங்கிப் போனாள். சோறு, சுட்ட மீன், ஒரு சாறு, பெயர் தெரியாத ஊறுகாய், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோப்பை. சாப்பிட்டு முடிந்ததும் மகேந்திரராசா எழும்பிக் கோப்பைகளை ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். போன் கதைக்குப் பிறகு வீட்டில் அவர் பழகிவந்த காரியம் அது.

"விடுங்கோ" என்றாள் யோகமலர்.

"ஒரு உதவிதானே."

"விடுங்கோ. இருந்தபடியே இருக்கட்டும்."

அவர் அடுக்கிய கோப்பைகளை எடுத்து, முன்பு இருந்தமாதிரியே ஒவ்வொன்றாகத் திரும்பவும் பரப்பிவைத்தார். யோகமலர் யன்னல் பக்கமாகத் திரும்பிக் காலை நீட்டி இருந்தாள். கீழே துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. பெரிய கப்பல், எவ்வளவோ சனம் இருக்கும். அதில் வருகிற ஒருவருக்கும் அவள் சமைக்கத் தேவையில்லை.